கடைவாய்ப் பல்லுக்குச் சீலன்ட்: மாற்றுத்திறனாளிப் பிள்ளையை எப்படி ஆயத்தப்படுத்துவது?

ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. பல வீடுகளில் அதையும் பால்பல் என்றே எண்ணி, சொத்தை கண்டாலும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பல். அதன் மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள் பிரஷின் ஒற்றை நாருக்கும் இடம்கொடாத அளவு குறுகலானவை. எவ்வளவு அக்கறையாகத் துலக்கினாலும் அங்கே எச்சம் தங்கிவிடும். அந்தப் பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சுதான் சீலன்ட். ஊசி கிடையாது, பல்லைக் குடைவதும் கிடையாது. பின்பற்களில் வரும் சொத்தையில் சுமார் 80 விழுக்காட்டை இது 2 ஆண்டுகள் வரை தடுக்கிறது. 12 வயதை ஒட்டி அடுத்த கடைவாய்ப் பல் வரும்போது அதற்கும் போட வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குப் பற்கள் தாமதமாக முளைப்பதால், வயதைக் கணக்கிடாமல் பல்லைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகத் தேவைப்படக் காரணம் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை உணவைக் கன்னத்தில் அதக்கிக்கொள்ளும். வலிப்புக்குத் தரும் இனிப்பு சிரப்பும், இரவில் பாலில் கரைத்துத் தரும் பனங்கற்கண்டும் பல்லில் படிந்தே கிடக்கும். நாட்டு இனிப்பு பல்லைக் கெடுக்காது என்று எங்கள் கடற்கரையில் பலர் நம்புகிறார்கள். பல்லுக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான்.

எங்கள் ஊரான மண்டபம் பகுதியிலிருந்து என் மகளை முதன்முறை அழைத்துச் சென்றபோது போட்ட பூச்சு சில வாரங்களில் கழன்றுவிட்டது. அவளுக்கு எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். பல் காயும் முன்பே அவசரமாகப் பூசிவிட்டார்கள். பூச்சின் ஆயுள் முழுவதும் அந்த உலர்வில்தான் இருக்கிறது. பல்லைத் துடைத்து, அமிலக் கூழை அரை நிமிடம் வரை வைத்து, கழுவி, காற்றடித்துக் காய வைத்தால் பல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். அதன்பின் பூச்சை வைத்து நீல ஒளியால் இறுகச் செய்வார்கள். வெளுத்த பல்லில் எச்சில் பட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

ஆகவே வாயைத் திறந்து வைத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பிள்ளையைப் பழக்குவதே பெற்றோரின் வேலை. இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, கைப்பேசி வெளிச்சத்தில், சுத்தமான துணி சுற்றிய விரலால் கடைவாய்ப் பல்லைத் தொட்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, சொன்னபடி கையை எடுத்துவிடுங்கள். மறுநாள் பத்து, பிறகு இருபது. ஐந்து என்று சொல்லிவிட்டு ஆறாவது எண்ணுக்கு நீட்டினால் அந்த நம்பிக்கை போய்விடும்; அதைத் திரும்பப் பெற மாதங்கள் ஆகும். விரலைக் கடிக்கும் பிள்ளையாக இருந்தால், துணி சுற்றிய பிரஷ் கைப்பிடியை மறுபக்கப் பற்களுக்கு இடையே வையுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, மருத்துவர் எச்சிலை இழுக்கும் குழாயின் ஓசையை முன்பே பதிவு செய்து, மெல்லக் கூட்டிக் கேட்கப் பழக்குங்கள்; ஒளிக்கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டலாம்.

மருத்துவரிடம் சிலவற்றை எழுதியே கொடுங்கள்: மருந்துகள், வலிப்பு வரும் நேரம், இதயக் கோளாறு. முதுகுத்தண்டு பிளவுடன் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாது. கையுறை வேறு வகையாக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே போட முடியுமா என்றும் கேளுங்கள். பல் பாதிதான் முளைத்திருந்தாலோ எச்சில் அடங்காவிட்டாலோ கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகைப் பூச்சைப் போடலாம்; விரைவில் தேயும் என்றாலும் ஈரத்தைத் தாங்கும், ஃபுளூரைடும் கசியவிடும். எங்கள் மகளுக்கு இரண்டாம் முறை அதுவே நின்றது.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பல்லைக் காட்டினால் மேல்சிகிச்சைக்கு எழுதித் தருவார்கள். மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 2016-இன் 25-ஆம் பிரிவு, பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரச் சொல்கிறது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வந்த பிள்ளையை வரிசையில் நிறுத்தினால், அடையாள அட்டையைக் காட்டி இதைக் கேட்டுப் பெறுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தே போய்ச் சேருங்கள். குமட்டலில் வாந்தி வந்தால் அன்றைய வேலை கெட்டுவிடும்.

பூச்சு போட்டாலும் பல்லிடுக்கில் சொத்தை வரலாம் என்பதால் ஃபுளூரைடு பேஸ்ட்டால் இருவேளையும் துலக்க வேண்டும். துப்பத் தெரியாத பிள்ளைக்குப் பேஸ்ட்டைக் குறைத்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். நடுவில் மடியில் சாய்த்துப் பார்க்கும்போது பூச்சின் ஓரம் பெயர்ந்திருந்தால், அடுத்த முறைக்குக் காத்திராமல் அந்த வாரமே போய், பெயர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம்.