வாசிப்புக்குக் கைவேலை: பெரியவர்கள் விடுகிற பிழைகள்

கதையை வாசித்து முடிக்க ஐந்து நிமிடம். அதில் வந்த முயலுக்குக் காது வெட்டி ஒட்ட முக்கால் மணித்தியாலம். தரம் 1, 2 பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். பிறிஸ்டல் போட் மட்டையும் கம்மும் மேசையை நிறைத்த பிறகு புத்தகத்தை ஒருவரும் தேடுவதில்லை. முயல் எந்த மரத்தடியில் ஒளிந்தது என்று பக்கத்தைத் திரும்பத் திறந்து, வாசித்துக் கண்டுபிடித்த பிறகே அந்த மரத்தை வெட்டக் கத்தரிக்கோலைக் கொடுங்கள்.

எழுத்து மட்டைகளில் வருவது வேறு பிழை: 247 எழுத்தையும் ஒரேயடியாக வெட்டிக் குவிப்பது. ப, ட, ம, ர, க, ல போதும். ம, ட இரண்டிரண்டு வேண்டும். பழைய கொப்பி மட்டையில் 5 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி எழுதாதீர்கள், புளியங்கொட்டையை மேலே வைக்கச் சொல்லுங்கள். ப, ட, ம வரிசையில் ம-வுக்கு மேல் ஒரு கொட்டை வைத்தால் படம். நடுவில் இன்னொரு ட-வைச் செருகி, முதல் ட-வின் மேல் கொட்டை வைத்தால் பட்டம். அந்தக் கொட்டையை எடுத்துவிட்டால் 'படடம்'. பிள்ளை சிரிக்கும், புள்ளி என்ன செய்கிறது என்பதும் பிடிபட்டுவிடும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் பார்த்த பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம். (குன்றிமணி மட்டும் வேண்டாம், அது நஞ்சு. தவழுகிற தம்பி தங்கை இருந்தால் எந்தக் கொட்டையும் வேண்டாம்.)

கொம்பையும் (ெ) அரவையும் (ா) தனித்தனி மட்டையாக்குவதும் சரிவராது. 'கொ' என்பதைப் பிள்ளை 'கெ' என்று தொடங்கி, மிஞ்சிய அரவை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். தொடக்கத்தில் முழு எழுத்தும் ஒரே மட்டையில் இருக்கட்டும்.

ஏடு தொடக்கியது போல வீட்டிலும் அரிசியில் எழுதலாம். தட்டில் தடிப்பாகப் பரப்பினால் விரலை எடுத்தவுடன் கோடு மூடிக்கொள்ளும். கருந்தட்டில் அரை செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் அடி தெரிந்து எழுத்துத் துலங்கும்.

சமையலில் நடப்பது இன்னொன்று. அம்மா வாசிக்க, பிள்ளை கலக்கும். அது சமையல் மட்டுமே. தேசிக்காய்த் தண்ணிக்கு ஐந்து கடதாசித் துண்டு எழுதுங்கள்: ஒரு தேசிக்காயைப் பிழி. இரண்டு குவளை தண்ணீர் விடு. மூன்று தேக்கரண்டி சீனி போடு. ஒரு சிட்டிகை உப்புப் போடு. கலக்கு. பிறகு பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது. சீனித் துண்டை வாசிக்காமல் தாண்டினால் முதல் மிடறிலேயே முகம் சுளிக்கும், தானே திரும்பப் போய் வாசிக்கும்.

கதையை நடிக்கும்போது வசனத்தைத் திருத்துவது பலருக்குக் கை வந்த பழக்கம். புத்தகத்தில் 'அவர்கள் வருகிறார்கள்' என்றிருக்க, பிள்ளை 'அவை வருகினம்' என்று சொன்னால் விட்டுவிடுங்கள். விளங்கியதால்தான் தன் பேச்சில் சொல்கிறது. புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கும்போது மட்டும் அச்சில் உள்ளபடி வரட்டும், அதுவும் வசனம் முடிந்த பிறகு திருத்தினால் போதும்.