முன் ரிம் கறுத்துப்போவதை நிறுத்திய விதம்

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும் கார்களில் முன் ரிம்கள் கறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், இரும்பு நார் கலந்த செமி மெட்டாலிக் பிரேக் பேட். பேட் தேய்ந்து விழும் தூள் மூடுபனி ஈரத்தில் துருப்பிடித்து ரிம்மிலேயே ஒட்டிக்கொள்ளும். செரமிக் பேட் போட்டதும் தூள் குறைந்தது, நிறமும் வெளிறியது.

ஆனால் இடது ரிம் மட்டும் மறுபடி கறுத்தது. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரைக் கழற்றிப் பார்த்தால், அது நகர்ந்து கொடுக்கும் கீழ் ஸ்லைட் பின் (slide pin) துருவேறி அசையவே இல்லை; உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருந்தது. பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கன் கிரீஸ் பூசினேன், சரியாயிற்று. சாதாரண கிரீஸ் வேண்டாம், பின்னின் ரப்பர் உறை உப்பிவிடும்.

புதுப் பேட்டை மட்டமான ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு, முழுதாக நிறுத்தாமல், 10 தடவை பிரேக் பிடித்துப் பழக்குங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர்தான். தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.