ஹெட்-அப் டிஸ்பிளேவைச் சரியாக அமைத்துக்கொள்ளும் முறை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் ஓட்ட வேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஸ்பீடோமீட்டரைப் பார்க்க ஒரு நொடி குனிந்தாலே, ஏறத்தாழ 17 மீட்டர் சாலையைப் பார்க்காமல் கடந்துவிடுகிறோம். போர் விமானங்களில் தொடங்கி 1988-இல் கார்களுக்கு வந்த ஹெட்-அப் டிஸ்பிளே, வேகம் போன்ற விவரங்களை ஓட்டுபவரின் கண்ணெதிரே காட்டி, இந்தக் குனிதலைத்தான் குறைக்கிறது.

டாஷ்போர்டுக்குள் உள்ள சிறு திரையின் ஒளி, ஒரு குழியாடியில் பட்டு, பின் முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணை அடைகிறது. எண்கள் கண்ணாடியில் ஒட்டியதுபோல் இல்லாமல், சுமார் 2 மீட்டருக்கு அப்பால், பானெட்டின் முனையருகே மிதப்பதாகத் தோன்றுவதற்கு அந்தக் குழியாடியே காரணம். 2022-இல் புதுப்பிக்கப்பட்டு வந்த மாருதி பலேனோ போன்ற கார்களில், முன்கண்ணாடியின் வேலையை டாஷ்போர்டின் மேலுள்ள சிறு தகடு செய்கிறது.

காரை நிறுத்தி, முதலில் இருக்கையையும் ஸ்டீயரிங்கையும் சரிசெய்துகொண்ட பிறகே டிஸ்பிளேவின் உயரத்தைத் தொட வேண்டும். வரிசையை மாற்றினால் எண்களின் மேற்பகுதியோ கீழ்ப்பகுதியோ வெட்டுப்பட்டுத் தெரியும். முழுப் பிம்பமும் தெரியும்வரை உயர்த்தி, முன்னே செல்லும் வண்டியின் பின்விளக்கை மறைக்காத அளவுக்குச் சற்றே இறக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைப் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பார்த்து அமைப்பது நல்லது. வேகமும் திரும்பும் திசையும் தெரிந்தால் போதும். பாட்டின் பெயர் அங்கே எதற்கு?

காலையில் கடலூர் நோக்கிச் செல்லும்போது இடப்பக்கக் கடல்வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் அணிந்ததும் எண்கள் மறைந்துவிட்டால், கருவி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். போலரைஸ்டு வகைக் கூலிங் கிளாஸ்கள், முன்கண்ணாடியில் எதிரொளித்து வரும் ஒளியையே பெருமளவு தடுத்துவிடுகின்றன.

கல்பட்டு முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் கூடுதல் கவனம் தேவை. அதன் உள்பரப்பும் வெளிப்பரப்பும் தனித்தனியே எதிரொளிப்பதால் எண்கள் இரட்டையாகத் தெரியக்கூடும் என்பதால், இந்த வசதியுள்ள கார்களின் கண்ணாடி அடுக்குகளுக்கிடையிலான பிளாஸ்டிக் படலத்தை ஆப்பு வடிவில் அமைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் விலை குறைவென்று சாதாரணக் கண்ணாடியைப் பொருத்திவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வேகங்களைப் பார்த்துக்கொண்டே சில மாதங்கள் ஓட்டினார். ஆகவே பில் போடுவதற்கு முன்பே, இது டிஸ்பிளேவுக்கு உரிய கண்ணாடிதானா என்று கேட்டுவிடுங்கள்.

டாஷ்போர்டின் ஒளித்திறப்பை மென்மையான துணியால் துடைத்தால் போதும். பிள்ளையார் சிலையையும் சுங்கச்சாவடி ரசீதையும் அதன்மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.