ஓசூர்ப் பட்டறையின் வடிவமைப்புப் பிரிவுக்கு கேட் மென்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஓசூர் சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் உதிரிபாகங்கள், ஃபிக்ஸர்கள் (வேலையின்போது பாகத்தை அசையாமல் பிடித்துவைக்கும் அமைப்புகள்), தகட்டுப் பெட்டிகள் செய்து தரும் நிறுவனங்களில் நான்கைந்து பேர் கொண்ட வடிவமைப்புப் பிரிவு இருப்பது வழக்கம். பாகங்களைக் கணினியில் வரைந்து வடிவமைக்க உதவும் புதிய கேட் (CAD) மென்பொருள் வாங்கும் பேச்சு எழுந்ததும், விற்பனையாளர் தரும் வசதிப் பட்டியல்தான் முதலில் மேசைக்கு வருகிறது. அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கடந்த ஓராண்டில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய கோப்புகளை வகை பிரித்துப் பாருங்கள். அவை எந்த வடிவில் வந்தன, திருத்திய பின் எந்த வடிவில் திருப்பிக் கேட்டார்கள், திறக்க முடியாமல் எவற்றை மறுபடி அனுப்பச் சொல்ல நேர்ந்தது என்ற மூன்றும் தெரிந்தாலே, பரிசீலிக்க வேண்டிய மென்பொருள்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

வாகனத் துறையின் பெரிய நிறுவனங்களில் கேட்டியா, என்எக்ஸ், கிரியோ ஆகிய கேட் மென்பொருள்கள் பரவலாகப் புழங்குகின்றன. அவர்கள் ஐஎஸ்ஓ 10303 தரத்தின்படி அமைந்த ஸ்டெப் கோப்பை (வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மாற்றிக்கொள்வதற்கான பொதுக் கோப்பை) அனுப்பினால் பெரும்பாலான முப்பரிமாண கேட் மென்பொருள்கள் அதைத் திறக்கும். ஆனால் அதில் வருவது பெரும்பாலும் வடிவம் மட்டுமே; அந்த வடிவம் எந்தெந்தப் படிகளில் உருவானது என்ற வரலாறு வராது. பாகத்தைச் செய்து கொடுப்பது மட்டுமே உங்கள் பொறுப்பென்றால் இது போதும். வடிவமைப்பையே மாற்றி மூலக் கோப்பாகத் திருப்பித் தர வேண்டுமென்றால், வாடிக்கையாளரின் மென்பொருளையே, அதுவும் அவர் வைத்திருக்கும் அதே பதிப்பையே வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை; புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு பொதுவாகத் திறப்பதில்லை.

எல்லோருக்கும் முப்பரிமாணம் தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்கு இயந்திர அமைவு வரைபடமும் குழாய்த் தடமும் போட்டுத் தருபவருக்கு ஆட்டோகேட் மென்பொருளின் வரைபடக் கோப்பு வகையான டிடபிள்யூஜியைப் பிழையின்றிக் கையாளும் இருபரிமாண மென்பொருளே போதும். ஆட்டோகேட் 1982 முதல் இத்துறையில் இருப்பதால் அதுவே வேண்டுமென்று நினைக்கிறோம். ஆனால் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்ற மென்பொருள்களும் அதே கோப்பு வகையில் வேலை செய்கின்றன.

பட்டியல் சுருங்கியதும் சோதனைக்கு வாருங்கள். விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிப் பாகம் எந்த மென்பொருளிலும் அழகாகத்தான் சுழலும். உங்களிடம் மிகவும் தொல்லை கொடுத்த வேலையை எடுத்து, அவர் முன்னிலையில் உங்கள் ஆளே செய்து பார்க்க வேண்டும். தகட்டு வேலை உங்கள் தொழிலென்றால் விரிவு அளவை, அதாவது மடிக்கும் முன் தட்டையான தகடு இருக்க வேண்டிய அளவை, மென்பொருள் சரியாகத் தருகிறதா என்று சோதியுங்கள். 2 மி.மீ. தகட்டை, உள்வளைவு ஆரம் 2 மி.மீ. வைத்து 90 பாகை மடிக்கும்போது, கே-காரணி (மடிக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு, உள்பக்கத்திலிருந்து தகட்டுத் தடிமனில் எந்த விகிதத்தில் இருக்கிறது என்ற எண்) 0.44 என்றால் மடிப்புக்கான விரிவு நீளம் 4.52 மி.மீ.; 0.33 என்றால் 4.18 மி.மீ. நான்கு மடிப்புள்ள பெட்டியில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 1.4 மி.மீ. ஆகிவிடும், மூடி உட்காராது. ஆகவே உங்கள் பிரஸ் பிரேக்கில் (தகடு மடிக்கும் இயந்திரத்தில்) மடித்து அளந்து பெற்ற மதிப்புகளை அட்டவணையாக மென்பொருளில் ஏற்ற முடிகிறதா, அதிலிருந்து வரும் டிஎக்ஸ்எஃப் கோப்பை (வெட்டும் கோடுகள் அடங்கிய வரைபடக் கோப்பை) லேசர் வெட்டுபவர் கை வைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். என் கணிப்பில், ஒரு மணி நேர விளக்கக் காட்சியைவிட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும்.

விலையில் முதல் ஆண்டுத் தொகையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. சந்தா முடிந்தால் மென்பொருளும் நின்றுவிடும். ஆகவே ஐந்தாண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். நெட்வொர்க் உரிமம் கிடைத்தால், ஷிப்டு மாறி வரும் இருவர் ஒரே உரிமத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆன்ஷேப் போல மேகக்கணினியில் இயங்குபவற்றுக்கு இணைய இணைப்பு மட்டுமல்லாமல், வாடிக்கையாளருடன் செய்த ரகசிய ஒப்பந்தமும் இடங்கொடுக்க வேண்டும். ஃப்ரீகேட் இலவசம், 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தபின் சிறு ஃபிக்ஸர் வேலைக்குத் தாராளமாக நம்பலாம், நூற்றுக்கணக்கான பாகங்கள் சேரும் தொகுப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். திருட்டுப் பிரதியைப் பற்றி ஒரு வரி போதும்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, தெரிந்தே அதைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது.

கணினி வாங்கும்போது, மாதிரி வரைதலில் பெரும்பகுதி செயலியின் ஒரே கோரின் (கணக்கிடும் தனி அலகின்) வேகத்தை நம்பியிருப்பதால், கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தைக் கவனியுங்கள்; அந்த மென்பொருள் நிறுவனம் சான்றளித்த கிராபிக்ஸ் அட்டைகளின் பட்டியலையும் பாருங்கள்.

மாறுவதென்று முடிவான பின், நடந்துகொண்டிருக்கும் வேலைகளைப் பழைய மென்பொருளிலேயே முடித்துவிட்டுப் புதியவற்றை மட்டும் புதியதில் தொடங்குங்கள். பழைய உரிமம் காலாவதியாகும் முன், முடிந்த வேலைகள் அனைத்தையும் ஸ்டெப், பிடிஎஃப் என இரு வடிவிலும் ஏற்றுமதி செய்து, வேலை எண் வாரியாகச் சர்வரில் அடுக்கிவையுங்கள்.