கோப்பு வந்துவிட்டால் மின்னூல் ஆகிவிடுமா?

மென்பொருள் கையேடுகளை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியில் எழுதிய ஆவணத்துக்கு 'மேக் இபப்' என்று அடித்தால் போதும், இபப் என்ற மின்னூல் வடிவத்தில் கோப்பு வந்து விழும். கோப்பு வடிவங்களை மாற்றித்தரும் பாண்டாக்கிலும் ஒற்றை வரிக் கட்டளைதான். கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் சறுக்குவதும் இந்தச் சுலபத்தில்தான். கோப்பை ஏற்றியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அதைத் திறந்து பத்துப் பக்கமாவது படித்தவர் திட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்.

முதலில் அடிபடுவது நிரல் துண்டுகள். உலாவியில் நீண்ட வரியைப் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்கலாம். மின்னூல் கருவியின் மின்மை (இ-இங்க்) திரையில் அது பெரும்பாலும் நடக்காது. வரியின் வால் வெட்டுப்பட்டுப் போகும். வரி தானாக மடியும்படி, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் விதி எழுதலாம். சரி, ஆனால் மடிந்த இடம் உண்மையான வரிமுறிவா இல்லையா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? முனையத்தில் அடிக்கும் ஷெல் கட்டளை என்றால் மூலத்திலேயே பின்சாய்கோடு போட்டு 60 எழுத்துக்குள் உடைத்துவிடுவதே நல்லது. நிறத்தையும் நம்பவேண்டாம். இளஞ்சாம்பலில் இருக்கும் குறிப்புரைகள் கறுப்பு வெள்ளைத் திரையில் காணாமலே போய்விடும்.

அடுத்தது தாவல்கள் (டேப்). நிறுவும் முறையை லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று மூன்று தாவல்களில் வைத்திருப்பீர்கள். அவற்றை மாற்றிக் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட். பல மின்னூல் கருவிகள் அதை இயக்குவதே இல்லை. விளைவு, ஒன்று மட்டும் தெரிந்து மற்ற இரண்டும் மறைந்திருக்கும், அல்லது மூன்று கட்டளைகளும் தலைப்பில்லாமல் வரிசையாக நிற்கும். இரண்டாவதுதான் ஆபத்து. மின்னூலில் மட்டும் தாவல்களை உபதலைப்புகளாக விரித்துவிடுங்கள். 'வலப்பக்கப் பட்டியைச் சொடுக்கவும்' போன்ற வாசகங்களையும் அப்படியே தேடி எடுத்துவிடலாம்.

இபப்புக்குள் இருப்பது எக்ஸ்எச்டிஎம்எல், அதாவது எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வடிவம். மூடாத குறிச்சொல்லை உலாவி மன்னித்துவிடும். இங்கே அந்த அத்தியாயமே திறக்காமல் போகலாம். மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவத்துக்குள் யாரோ ஒட்டிவைத்த எச்டிஎம்எல் துண்டுதான் பெரும்பாலும் குற்றவாளி. படங்களும் கோப்புக்குள்ளேயே இருக்கவேண்டும். திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும், பில்ட் வெற்றியா தோல்வியா என்று காட்டும் சின்னங்கள் வெளித்தளத்திலிருந்து வருபவை, அவற்றைத் தூக்கிவிடுங்கள்.

பலர் கவனிக்காதது புத்தகத்தின் அடையாள எண். நீங்கள் கொடுக்காவிட்டால் பாண்டாக் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை உருவாக்கும். படிப்பவரின் நூலகத்தில் ஒரே கையேடு நாலு தனித்தனிப் புத்தகமாகக் குவியும். எண்ணை நிலையாக வைத்து, பதிப்பு எண்ணைத் தலைப்பில் சேருங்கள். மொழிக் குறியீட்டையும் சரிபாருங்கள். அப்புறம், இபப்பைப் பிரித்துத் திருத்தி மறுபடி ஜிப் செய்பவர்களுக்கு: கோப்பின் வகையைச் சொல்லும் மைம்டைப் என்ற கோப்பு ஜிப்புக்குள் முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்கவேண்டும்.

கிண்டிலுக்கென்று தனியாக மோபி என்ற பழைய வடிவக் கோப்பைத் தயாரிக்க இப்போது தேவையில்லை. கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்பும் 'சென்ட் டு கிண்டில்' சேவை 2022 முதல் இபப்பையே ஏற்கிறது.

ஒவ்வொரு வெளியீட்டிலும், இபப் கோப்பைச் சோதிக்கும் இபப்செக் கருவி தானாக ஓடட்டும். ஆனால் அது பார்ப்பது விதிமீறலைத்தான். திரை விளிம்பில் வெட்டுப்பட்ட கட்டளை அதன் கண்ணில் படாது. அதற்கு, 6 அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நிறுவும் அத்தியாயத்தை மட்டுமாவது ஒருவர் படித்துக்கொண்டே செய்துபார்க்கவேண்டும்.