ஒற்றைத் துடுப்பின் கணக்கு: கோண்டோலா ஓட்டுவதிலும் ஏறுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெனிஸ் நகரத்துக் கால்வாய் ஓரத்தில் ஆளில்லாமல் கட்டிக் கிடக்கும் கோண்டோலாவைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அது வலப்புறம் சாய்ந்திருப்பது தெரியும். எங்கோ ஓட்டை விழுந்து நீர் ஏறியிருக்கிறது என்று புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். படகில் பழுது ஏதும் இல்லை. ஓட்டுநர் வந்து பின்முனையில், இடப்பக்க ஓரமாக ஏறி நின்றதும் அது நிமிர்ந்துகொள்ளும். அவருடைய உடல் எடையையும் சேர்த்துத்தான் தச்சர் அந்தப் படகைக் கட்டியிருக்கிறார்.

கோண்டோலாத் தொழிலில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சாய்வை மறப்பதில் தொடங்குகின்றன. ஓட்டக் கற்பவரும் மறக்கிறார், ஏறி உட்காருபவரும் மறக்கிறார். அதனால் இரண்டு பக்கத்துத் தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன். வெனிசுக்குப் போகும் தமிழர்களுக்குப் பின்பாதி உடனடியாகப் பயன்படும். முன்பாதியையும் படித்துவிட்டுப் போனால், கொடுக்கிற பணம் எதற்கு என்பது விளங்கும்.

படகு ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், நடுவில் சுமார் 1.4 மீட்டர் அகலம். எட்டு வகை மரங்களில் அறுத்தெடுத்த 280 துண்டுகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். நடுக்கோடு ஒன்று போட்டுப் பார்த்தால் இடப்பாதி வலப்பாதியைவிட 24 சென்டிமீட்டர் அகலம் கூடியது. முழுப் படகும் ஒரு வாழைப்பழம் போல லேசாக வளைந்திருக்கிறது. ஒரே ஆள், ஒரே துடுப்பு, அதுவும் வலப்பக்கம் மட்டும் என்றால் படகு ஓயாமல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். அந்தத் திருப்பத்தை ஈடுகட்டத்தான் இந்த வளைவு. பல தலைமுறைகளாகச் சிறிது சிறிதாக வளைந்துவந்த உருவம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இன்றைய அளவுக்கு வந்தது. டொமெனிக்கோ டிரமோந்தின் என்ற படகுக் கட்டுநருக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பார்கள். அணியத்தில், அதாவது முன்முனையில், பளபளக்கும் இரும்புத் தகடும் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். பின்னால் நிற்கும் ஆளின் எடைக்கு முன்னால் வைத்த எதிர்எடை அது. அதன் ஆறு பற்கள் நகரத்தின் ஆறு வட்டாரங்களைக் குறிக்கின்றன என்று ஓட்டுநர்கள் சொல்வது வழக்கம்.

இங்கேதான் தொழிலுக்குப் புதிதாக வருபவரின் முதல் தவறு நடக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று இன்னொருவருடைய பழைய படகை அப்படியே வாங்கி ஓட்டத் தொடங்குவது. தொண்ணூறு கிலோ எடையுள்ளவருக்காகக் கட்டிய படகில் அறுபத்தைந்து கிலோ ஆள் ஏறி நின்றால் அது முழுதாக நிமிராது. ஒவ்வொரு வீச்சிலும் அவர் படகோடு மல்லுக்கு நிற்க வேண்டும். ஒரு நாளில் பத்து முறை போய்வரும் தொழிலில் அந்த மல்லுக்கட்டு முதுகில்தான் வந்து சேரும். பழைய படகை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாங்கியதும் ஸ்குவேரோவுக்கு, அதாவது படகுத் தச்சர்களின் பட்டறைக்கு, கொண்டுபோய்த் தன் எடைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். சான் ட்ரோவாசோ கால்வாயோரம் இருக்கும் பட்டறையை எதிர்க்கரையில் நின்றே பார்க்கலாம். கவிழ்த்துப் போட்டிருக்கும் படகின் அடிப்பாகத்தைப் பார்த்தால் நான் சொல்லும் வளைவு கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது தவறு கையால் வலிப்பது. உட்கார்ந்து, முதுகைப் போகும் திசைக்குக் காட்டி, துடுப்பைத் தன்னை நோக்கி இழுப்பது உலகின் பல இடங்களில் வழக்கம். வெனிஸ் முறை நேர்எதிர். நின்றுகொண்டு, போகும் திசையைப் பார்த்தபடி, துடுப்பை முன்னோக்கித் தள்ள வேண்டும். தள்ளும் வலு முன்காலில் இறங்கும் உடல் எடையிலிருந்து வர வேண்டும். கைகள் அந்த எடையைத் துடுப்புக்குக் கடத்தினால் போதும். தோள் பலத்தை நம்பும் இளைஞர் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடுவார், அறுபது வயதுக்காரர் மாலைவரை ஓட்டிக்கொண்டிருப்பார்.

துடுப்பு எதிலும் கட்டப்பட்டிருக்காது. ஃபோர்கோலா என்ற, பெரும்பாலும் வால்நட் (அக்ரூட்) மரத்தில் செதுக்கிய, முறுக்கிய கிளை போன்ற தாங்கியின் மேல் அது சும்மா சாய்ந்திருக்கும். மெதுவாக முன்னே போக, விரைவாகப் போக, திரும்ப, நிறுத்த, பின்னுக்கு வர என்று ஒவ்வொன்றுக்கும் அந்தத் தாங்கியில் ஒவ்வொரு வளைவு, ஒவ்வொரு முனை இருக்கிறது. கற்பவர் ஒரே பள்ளத்தில் துடுப்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பார். சற்று அழுத்தம் தவறினால் துடுப்பு தாங்கியிலிருந்து வழுக்கும், சாய்ந்து நின்ற ஆள் அதோடு தண்ணீருக்குள் போவார்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. தள்ளி முடித்ததும் துடுப்பை நீரைவிட்டுத் தூக்கி, காற்றில் கொண்டுவந்து மறுபடி போடுவது. அப்படிச் செய்தால் படகு இடப்பக்கம் சுழலும். துடுப்பின் தட்டையை நீருக்குள்ளேயே சாய்த்து வைத்து, லேசாக அழுத்தியபடி திரும்பக் கொண்டுவர வேண்டும். தள்ளும்போது இடப்பக்கம் போன படகின் முகத்தை இந்தத் திரும்பு வீச்சு வலப்பக்கம் இழுத்து நேராக்கும். தள்ளுவதற்குப் பிரேமர், திரும்புவதற்கு ஸ்தாலிர் என்று அவர்கள் மொழியில் பெயர். குருட்டுத் திருப்பங்களில் ஓட்டுநர்கள் எழுப்பும் குரலும் இதிலிருந்து பிறந்ததுதான். "ஓஎ!" என்று கூவிவிட்டு, இடப்பக்கம் போவதானால் "பிரேமாண்டோ", வலப்பக்கம் என்றால் "ஸ்தாகாண்டோ" என்பார்கள். பயணிகளை மகிழ்விக்கும் கூவல் என்று நினைத்து அதைத் திருப்பிக் கூவிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூலைக்கு அப்பாலிருந்து வரும் பதில் குரலுக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நொடி அது. 11 மீட்டர் நீளப் படகை நினைத்த இடத்தில் நிறுத்திவிட முடியாது.

இனி ஏறுபவர்களின் பக்கம்.

2023 டிசம்பரில் நகரத்தின் நடுவே ஒரு கோண்டோலா கவிழ்ந்தது. தாழ்வான பாலத்துக்கு அடியில் திரும்பும் நேரம். உட்காருங்கள் என்று ஓட்டுநர் சொல்லியும் பயணிகள் செல்ஃபி எடுப்பதற்காக எழுந்து நகர்ந்திருக்கிறார்கள். குளிர்காலத்து நீரில் ஓட்டுநர் உட்பட எல்லோரும் விழுந்தார்கள். நல்லவேளையாக உயிருக்கு ஆபத்து நேரவில்லை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவருடைய எடைக்குக் கிராம் கணக்காகச் சமன் செய்த படகில், அவர் பாலத்துக்குக் குனிந்திருக்கும் நொடியில், இரண்டு பேர் ஒரே பக்கம் எழுந்தால் எந்தத் திறமையும் அதைத் தாங்காது.

ஏறும்போது ஓட்டுநர் கை நீட்டுவார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படகின் நடுவில் கால் வையுங்கள். யார் எங்கே உட்காருவது என்பதை அவரே சொல்வார். குடும்பத்தில் பெரியவர் மெத்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும், குழந்தை அம்மாவின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று நாம் மாற்றி அமைக்கத் தொடங்குகிறோம். அவர் மனத்தில் எடைக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாமல் சொன்ன இடத்தில் உட்காருங்கள். படம் எடுப்பதாக இருந்தால் உட்கார்ந்தபடியே எடுங்கள். கைகளைப் படகின் விளிம்புக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். இன்னொரு கோண்டோலா விரற்கடை இடைவெளியில் உரசிப் போகும்.

ஒரு படகில் அதிகபட்சம் ஐந்து பேர். 2020 வரை ஆறு பேரை ஏற்றினார்கள். பயணிகளின் உடல் எடை கூடிவிட்டது, படகு மிகவும் அமிழ்கிறது என்று ஓட்டுநர்கள் சொன்னதால் குறைத்தார்கள். ஆறாவது ஆள் மெலிந்தவர், மடியில் உட்கார்ந்துகொள்வார் என்றெல்லாம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். நகரின் முதன்மை நீர்வழியான பெருங்கால்வாயில் பெரிய பயணிகள் படகுகளும் மோட்டார் படகுகளும் எழுப்பும் அலை வேறு இருக்கிறது. 2013 ஆகஸ்டில் ரியால்டோ பாலத்தருகே பயணிகள் படகு ஒன்று கோண்டோலாவோடு மோதியதில், குடும்பத்தோடு வந்திருந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் இறந்துபோனார். அதன்பிறகு அங்கே போக்குவரத்து விதிகளை இறுக்கினார்கள். இந்த மோட்டார் அலைகளை எதிர்த்து 1975இல் தொடங்கிய வோகலோங்கா என்ற துடுப்புப் படகோட்டம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. படகோட்டிகளின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது: அந்த அலைகள் வீடுகளின் அடித்தளத்தைத் தின்பதோடு கோண்டோலாக்களின் பலகை இணைப்புகளையும் தளர்த்துகின்றன.

அலையைப் போலவே ஓதமும் தொழிலை ஆள்கிறது. நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்கும். ஏற்றத்தில் சில பாலங்களுக்கு அடியில் புக முடியாது. சனவரி, பிப்ரவரியில் வரும் கடும் இறக்கத்தில் சிறு கால்வாய்கள் சேறாகி, படகுகள் தரைதட்டிக் கிடக்கும். 2019 நவம்பர் 12 அன்று நீர்மட்டம் 187 சென்டிமீட்டருக்கு உயர்ந்தது. 1966இன் 194 சென்டிமீட்டருக்கு அடுத்த உயரம் அதுதான். மோசே என்ற கடல் மதகுகள் 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக உயர்ந்து அன்றைய ஏற்றத்தைத் தடுத்தன. ஆனால் மதகுகளை உயர்த்தும் அளவுக்கு வராத, நடுத்தர ஏற்றங்களே அன்றாடத் தொல்லை. காலையில் ஓத அட்டவணையைப் பாராமல் "இந்தப் பாலம் வழியாகவே கூட்டிப்போகிறேன்" என்று வாக்குக் கொடுக்கும் ஓட்டுநர் மாலையில் அந்த வாக்கோடு பாலத்துக்கு முன்னால் நிற்பார். பயணிக்கும் இது பொருந்தும். வழியை அவர் மாற்றினால் ஏமாற்றுகிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

படகின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடுவதும் ஓட்டுநர்கள் செய்யும் தவறுதான். கோடையில் வருமானம் நன்றாக இருக்கும் நாள்களில்தான் அடிப்பலகையில் பாசியும் விரைவாகப் பிடிக்கும். இந்த வாரம் போகட்டும் என்று விட்டால் படகு கனத்து, அதே தூரத்துக்கு இரட்டிப்பு உழைப்பு கேட்கும். பட்டறைக்கு ஏற்றும் நாளின் வருமான இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது, தினமும் உடம்பு கொடுக்கும் விலை தெரிவதில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கட்டணத்தை நகராட்சி தீர்மானிக்கிறது. 2023 நவம்பர் முதல் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, மாலை 7 மணிக்குப் பிறகு 35 நிமிடத்துக்கு 110 யூரோ. போவதற்கு முன் துறையில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இது ஆளுக்கு அல்ல, முழுப் படகுக்கும். இரண்டு பேராகப் போய்க் கட்டணத்தைப் பார்த்து மலைத்துத் திரும்புபவர்கள், துறையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஏறலாம் என்பதை யோசிப்பதில்லை. எவ்வளவு நேரம், எந்த வழி என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பாதி வழியில் "இன்னும் கொஞ்சம்" என்றால் கட்டணம் கூடும். அதில் தவறு ஓட்டுநருடையது என்று சொல்ல முடியாது. அவரும் துறையில் முறை வைத்து ஓட்டுகிறார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள் தங்கள் முறைக்காக நிற்கிறார்கள்.

பாட்டு கட்டணத்தில் சேராது. பாடகரும் இசைக்கலைஞரும் வேண்டுமானால் தனியாக ஏற்பாடு செய்து, தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். வெனிசுப் பாட்டு என்று பயணிகள் விரும்பிக் கேட்பது பெரும்பாலும் நேப்பிள்ஸ் ஊரின் பாட்டு. கோயம்புத்தூர்க்காரரிடம் கொல்லத்துப் படகுப் பாட்டைப் பாடச் சொல்வது போன்றது அது. அதற்குப் பதிலாக அவரிடம் படகைப் பற்றிக் கேளுங்கள். இவர்கள் 400 மணி நேரப் பயிற்சியில் படகோடு நகர வரலாறும் வேற்று மொழிகளும் படித்துத் தேர்வு எழுதி வந்தவர்கள். உரிமம் பெற்றவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர்தான். அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று ஆண்கள் வழியாகவே வந்த தொழிலில் 2010இல்தான் ஜோர்ஜா போஸ்கோலோ தேர்வில் வென்று முதல் பெண்ணாக நுழைந்தார். தாங்கியில் எத்தனை முனை, உங்கள் எடைக்கு யார் படகைக் கட்டினார் என்று ஒருவர் கேட்டால் அவர்களுடைய முகம் மலரும்.

90 யூரோ கொடுக்க இயலாதவர்கள் கோண்டோலாவைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பெருங்கால்வாயின் குறுக்கே சில துறைகளில் ட்ரகெட்டோ என்ற கடத்துப் படகு உண்டு. அதுவும் கோண்டோலா வகைதான், சற்று அகலமானது, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என இருவர் ஓட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு யூரோ. கடைக்குப் போகும் பாட்டிகளும் அலுவலகம் போகிறவர்களும் நின்றபடியே கடந்து போவார்கள். நீங்கள் கட்டாயம் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தும் போகலாம். நிற்பதானால் பயணத் திசைக்குக் குறுக்காக, கால்களைச் சற்று அகட்டி, முழங்காலை இறுக்காமல் நில்லுங்கள். சில்லறையைக் கையில் தயாராக வைத்திருங்கள், இறங்குமுன் முன்னால் இருப்பவர் முழுதாக இறங்கிவிட்டாரா என்று பாருங்கள். அவர் கால் எடுக்கும் நொடியில் படகு உங்கள் பக்கம் சாயும்.