இ.ஜி.ஆர். வால்வை அடைக்காதீர்கள், கழுவுங்கள்

டீசல் வண்டி ஒன்று இழுவை குறைந்து, மிதித்தால் கரும்புகை தள்ளி, நிற்கும்போது குலுங்கிக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால், ஏர் ஃபில்டரைப் பார்த்த கையோடு நான் தேடுவது புகையைத் திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வைத்தான். மார்த்தாண்டத்தில் டி.என்.75 வண்டிகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். வண்டியைக் கொண்டுவருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றே: "அண்ணே, ஒரு தகடு வைத்து அதை அடைத்துவிடுங்களேன்." அடைத்துத் தர மாட்டேன். கழற்றிக் கழுவித் தருவேன். எப்படிக் கழுவுவது என்று பக்கத்தில் நிறுத்திக் காட்டவும் செய்வேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலைதான் இது.

அடைக்க மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். எஞ்சினை விட்டு வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்குக்கு அனுப்புவது இந்த வால்வின் வேலை. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதனால் சிலிண்டருக்குள் எரியும் வெப்பம் தணிகிறது. வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக வேகமாக மாறும். நுரையீரலைப் பதம் பார்க்கும் வாயு அது. பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) 4 என்ற பழைய புகை விதியில் டீசல் காருக்கு இதில் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதி இருந்தது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதி அதை 80 ஆகக் குறைத்தது. ஆனால் புகைச் சான்று எடுக்கும் இடத்தில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறார்கள். இந்த வாயுவை அளப்பதில்லை. அடைத்த வண்டியும் சான்று வாங்கிவிடும். பள்ளி விடும் நேரத்தில் வெட்டுவெந்நியிலும் குழித்துறையிலும் சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள்.

நம் குமரி மாவட்டத்து ஓட்டம் இந்த வால்வுக்கு ஒத்துவராத ஓட்டம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் ஒன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கிற ஜீப். வீட்டிலிருந்து கருங்கல் சந்தைக்குப் போய் எஞ்சின் சூடேறும் முன்பே திரும்பிவிடும் கார். இப்படி ஓடும் எஞ்சினில் புகைக்கரி நிறையச் சேரும். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து பிரீதர் குழாய் வழியாக இன்டேக்குக்கு எண்ணெய் ஆவி வருகிறது. கரியும் எண்ணெயும் சந்திக்கிற இடத்தில் தார் போல ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடுகின்றன.

கழற்றும் முன், குற்றவாளி இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0401 வந்தால் புகை போதுமான அளவு திரும்பவில்லை என்று பொருள். பி0402 வந்தால் அளவுக்கு மேல் திரும்புகிறது, அதாவது வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். குறியீடு வால்வையே சுட்டுவதாக எண்ணிவிடக் கூடாது. வேக்குவத்தால் இயங்கும் பழைய வகையாக இருந்தால், அந்த மெல்லிய ரப்பர் குழாயை முனைக்கு முனை தடவிப் பாருங்கள். தோட்டத்து ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயில் கீறல் இருந்தாலும் இதே கரும்புகைதான், இதே இழுவைக் குறைவுதான். வாரண்டியில் இருக்கும் வண்டியாக இருந்தால் தொடாதீர்கள்; கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள்.

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்தி விடியற்காலையில் தொடங்குவது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் உப்புக் காற்று போல்ட்டுகளைக் கடித்துப் பிடித்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் போல்ட் அசையாவிட்டால் முறுக்கி உடைக்காமல் சிறிது இறுக்கி, பின் தளர்த்தி, மீண்டும் ஸ்பிரே அடியுங்கள். தலை உடைந்த போல்ட்டைத் துளைத்து எடுப்பது வால்வைக் கழுவுவதைவிடப் பெரிய வேலை. கூலண்ட் குழாய் வால்வோடு சேர்ந்திருந்தால் முதலில் கூலண்டை ஒரு பாத்திரத்தில் வடித்துவிடுங்கள். மின் கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்திக் கழற்றுங்கள்.

வால்வு கைக்கு வந்ததும் உடனே கழுவத் தொடங்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நான் பல நாள் வேலை கற்றது இந்தக் கரியைப் பார்த்துத்தான். விரலில் உதிரும் காய்ந்த கரி என்றால் குறைந்த தூரமும் மெதுவான ஓட்டமும் காரணம். பளபளவென்று ஈரமாக, நகத்தால் சுரண்டினால் இழுபடுகிறது என்றால் எண்ணெய் அதிகம் வருகிறது. எஞ்சின் ஆயில் அளவு கோட்டுக்கு மேல் இருக்கிறதா, டர்போ சீல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரியில் வெண்படலமும் இனிப்பு வாடையும் இருந்து, வெளியில் ஒழுக்கு எதுவும் தெரியாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தால், திரும்பும் புகையைக் கூலண்டால் ஆற்றும் இ.ஜி.ஆர். கூலருக்குள்ளேயே கசிவு இருக்கலாம். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. கூலரை மாற்ற வேண்டும்.

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் அணியுங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியிருக்கிறது. காய்ந்த கரியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதிப் பறக்கவிடுகிற பழக்கத்தை நான் என் கடையில் நிறுத்திவிட்டேன். முதலில் நனைக்க வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும்.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே போதும். மோட்டார் உள்ள பக்கம் மேலே, கரி பிடித்த பக்கம் கீழே இருக்கும்படி வால்வைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். மோட்டாருக்குள் ஒரு சொட்டு இறங்கினாலும் வால்வு போய்விடும். கால் மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் மூலைக்குள் நன்றாகப் போகும். தண்டு உட்காரும் வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கோடு விழும், பிறகு வால்வு ஒருபோதும் முழுதாக மூடாது. தடித்த கட்டியை மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். கியர் வைத்த மின் வால்வின் தண்டைப் பலவந்தமாக அழுத்தாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பல் உடைந்துவிடும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அலுமினிய உடலை அது அரித்துத் தின்றுவிடும். கறுப்புத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாமல் பழைய ஆயில் டின்னில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வால்வு பளிச்சென்று ஆன பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். அது உட்காரும் குழாயையும் இன்டேக் மேனிஃபோல்டின் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இரண்டு விரல் நுழையும் வழி ஒரு விரலாகச் சுருங்கியிருக்கும். கையெட்டும் வரை துடைத்தெடுங்கள், கட்டி உள்ளே விழாமல் துணியால் தடுத்துக்கொண்டு. முழு மேனிஃபோல்டும் அடைத்திருந்தால் அதையும் கழற்றத்தான் வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு இன்டேக்குக்குள் ஸ்பிரேயைக் கொட்டுகிற வழியை நான் ஏற்கவில்லை. டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் சுற்ற ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

பூட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். புகை போகும் பக்கத்தில் சிலிக்கான் பசை தடவினால் கருகி உதிர்ந்துவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கூலண்ட் ஊற்றி, அதில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஸ்கேனரில் குறியீட்டை அழித்து, வால்வின் மூடிய நிலையைப் பதியவைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள்.

பிறகு ஒரு ஓட்டம் போங்கள். நான் ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு வரை போய்த் திரும்பச் சொல்வேன். ஆனி, ஆடியில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் திரும்பும்போது முப்பந்தல் காற்று நேர் எதிரே அடிக்கும். எஞ்சினுக்குச் சுமை ஏறும், புகைக்குழாய் நன்றாகச் சூடாகும். வேக வரம்புக்குள் நின்று, ஒரு கியர் குறைத்து, நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்று வரை வைத்து ஓட்டினால் போதும். தோட்டப் பாதையிலேயே ஓடும் ஜீப்புக்கு மாதம் ஒரு முறை இப்படி ஒரு ஓட்டம் கொடுங்கள். கரி சேரும் வேகம் குறையும். ஒரு வாரம் கழித்துக் காலையில் பானட்டைத் திறந்து இரண்டைப் பாருங்கள்: கூலண்ட் அளவு அதே கோட்டில் நிற்கிறதா, புது கேஸ்கெட்டைச் சுற்றிக் கரிக்கோடு விழுந்திருக்கிறதா. கோடு தெரிந்தால் போல்ட்டை மேலும் இறுக்க வேண்டாம். கழற்றி, கேஸ்கெட் உட்காரும் பரப்பைத் துடைத்து, வேறு கேஸ்கெட் வைத்துப் பூட்டுங்கள்.